ஏழு பாட்டும் ஒரு தண்ணீர்ப் பரலும்

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தியிருந்தோம். வசந்தி பெடலைக் கையால் சுற்றச் சுற்ற, பின் சில்லு டைனமோவை உரசிக்கொண்டு ஓடியது. டைனமோவிலிருந்து போன வயர் கசெற் போடும் ரேப் ரெக்கோடருக்குள் நுழைந்திருந்தது. முதலில் வெறும் இரைச்சல். பிறகு ஒரு கிற்றார்.

அது கிற்றார் என்று நான் உடனே நம்பவில்லை. மாதா கோயில் பாடகர் குழுவில் கிற்றார் வாசித்தவள் நான். என் கிற்றார் தண்ணீர் சொட்டுவது போலச் சத்தம் போடும். இதுவோ, பெரிய தகரமொன்றை யாரோ சீமெந்துத் தரையில் மெல்ல இழுத்துப் போவது போல் இருந்தது.

கொட்டிலுக்குப் பின்னால் விறகு கொத்திக்கொண்டிருந்த அப்பா கோடாலியை நிறுத்தினார்.

“என்ன பிள்ளை, எஞ்சின் ஏதும் பழுதோ?”

“பாட்டு அப்பா.”

“பாட்டோ?” கொஞ்ச நேரம் காது கொடுத்தார். “அப்ப பாடுறவனுக்கு என்ன வருத்தமாம்?”

வசந்தி சிரித்த சிரிப்பில் கை தளர்ந்தது. பாட்டு இழுபட்டு, கிணற்றுக்குள் இறங்குவது போல இறங்கி நின்றுவிட்டது. அவள் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் சுற்றத் தொடங்கினாள்.

முப்பது வருடத்துக்கு மேல் கழித்து, போன மாதம் உப்புக்குளத்தில், என் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்துகொண்டு அதே பாட்டைக் கேட்டேன். கைபேசிக்கு ஒரு பாட்டை முணுமுணுத்துக் காட்டினால் அது எந்தப் பாட்டு என்று கண்டுபிடித்துவிடும் என்று மகள் சொன்னாள். மூன்று தரம் முணுமுணுத்தேன். கண்டுபிடித்துவிட்டது. ஹெவி மெட்டல் என்று பிறகு உலகம் பெயர் வைத்த இசை பிறந்த காலத்து இசைத்தட்டு அது என்று மகள் வாசித்துச் சொன்னாள். குழுவின் பெயரையும் சொன்னாள். அதை நான் இங்கே எழுதவில்லை. எங்கள் கசெற்றில் பெயர் எதுவும் இருக்கவில்லை. அட்டையும் இல்லை. நாங்களே பாட்டுகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டோம்.

ஏழு பாட்டையும் வரிசையாகக் கேட்டு முடித்தேன். அதே வரிசையில் எழுதுகிறேன்.

முதற் பாட்டு: தோணி இழுக்கிறது

பெயர் அப்பா வைத்தது. நிறைந்த தோணியைப் பத்துப் பன்னிரண்டு பேர் கரையில் இழுக்கும்போது ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம், ஒரு இழுப்பு. அந்தப் பாட்டும் அப்படித்தான் போகும்.

அப்பா கடற்றொழிலாளி. எங்கள் தீவில் சண்டை தொடங்கியபோது கையில் அகப்பட்டதோடு கடல் கடந்து பெருநிலத்துக்கு வந்தோம். அப்பா ஒரு வலையையும், அம்மா ஒரு மாதா சுரூபத்தையும், நான் கிற்றாரையும் கொண்டுவந்தோம். நறுவிலிக்குளத்தில் வசந்தியின் தகப்பன் முத்தையா மாமா தன் வீட்டு வளவின் மூலையில் கொட்டில் போட இடம் தந்தார். யாரென்றே தெரியாத எங்களிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: “கெணத்துப் பக்கமா போட்டுக்கிறீங்களா, வேப்ப மரத்துப் பக்கமா?”

அவர்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து, காடு வெட்டி, வயல் செய்தவர்கள். வந்து எவ்வளவோ காலமாகியும் ஊரில் சிலர் அவர்களைத் “தோட்டக்காட்டார்” என்றே சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். கேட்கும் தூரத்தில் சொல்வார்கள்.

வசந்திக்கும் எனக்கும் ஒரே வயது. பள்ளிக்கூடத்தை இரண்டு பேரும் இடையில் விட்டிருந்தோம். அவளுடைய அண்ணன் நீர்கொழும்பில் ஒரு விடுதியில் வேலை செய்தவன். கடைசியாக வந்தபோது ரேப் ரெக்கோடரையும் இந்தக் கசெற்றையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அதன்பின் பாதை பூட்டப்பட்டது. அவனைப் பற்றிச் சேதி இல்லை. (வருடங்கள் கழித்து, சிங்களம் பேசும் மனைவியோடும் தொந்தியோடும் வந்து சேர்ந்தான். அதை அப்போது யார் கண்டது?) எங்கள் பக்கத்துக்குப் பற்றரி கொண்டுவர அரசாங்கம் தடை போட்டிருந்ததால் சைக்கிள். அண்ணன் ஞாபகம் வரும்போதெல்லாம் வசந்தி சைக்கிளைத் தலைகீழாக்குவாள்.

இரண்டாம் பாட்டு: ஓட்டம்

இந்தப் பாட்டைப் போன மாதம் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது நாங்கள் அறிந்த பாட்டே இல்லை. அத்தனை வேகம். பாடுகிறவனின் குரலும் ஒரு படி மேலே ஏறி, விடலைப் பையனின் குரல் போல இருந்தது. பிறகுதான் விளங்கியது. சைக்கிளைச் சுற்றிய கைகள் களைத்த கைகள். ரெக்கோடர் எங்களுக்கு எப்போதும் மெதுவாகத்தான் பாடியிருக்கிறது.

உடனே வசந்திக்குப் போன் எடுத்து அவளுக்கும் போட்டுக் காட்டினேன். முழுதாகக் கேட்டாள்.

“இவனுங்க அவசரப்படுறாங்க” என்றாள். “நம்ம அடிச்ச வேகந்தான் சரி.”

இந்தப் பாட்டில்தான் அவள் மேளத்தைக் கண்டுபிடித்தாள். அதுவரை நான் கிற்றாரைக் கேட்டேன். அவளும் அதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் பெடலை என்னிடம் தந்துவிட்டு, காலியான மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்து வைத்து, இரண்டு விறகுக் குச்சியை எடுத்தாள். பாட்டின் நடுவில் மேளக்காரன் உருட்டி விழுத்தும் ஒரு இடம் வரும். அதை அப்படியே அடிக்கப் பார்த்தாள். பிழைத்தது. திரும்பவும் போடச் சொன்னாள். பிழைத்தது. என் தோள்பட்டை கழன்று விழும்வரை சுற்றவைத்து, கடைசியில் சரியாக அடித்தாள்.

பிறகு குச்சியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: “ஏழு பாட்டையும் அடிக்கணும் றீற்றா. ஒன்ன விட்டாலும் அடிச்சதாகாது.”

 எனக்கும் அந்தக் கிற்றார்ச் சத்தம் வேண்டியிருந்தது. அறுந்த தந்திக்குப் பதில் சைக்கிள் பிறேக் கேபிளில் ஒரு இழையைப் பிரித்துக் கட்டினேன். தந்திகளுக்கு அடியில் மீன் அடைத்து வந்த ரின்னின் தகர மூடியொன்றை வளைத்துச் செருகினேன். அடித்தால் கரகரவென்று இரைந்தது. அம்மா காதைப் பொத்திக்கொண்டு, “உது கோயில் கிற்றார் பிள்ளை” என்றா. அதற்குப் பிறகு அவ எங்களை மறிக்கவில்லை.

மூன்றும் நான்கும்: இரண்டு மறுப்புகள்

மூன்றாம் பாட்டைப் பழகிக்கொண்டிருந்த பின்னேரம் முத்தையா மாமா வயலிலிருந்து நேரத்தோடு வந்துவிட்டார். மண்வெட்டியைக் கீழே வைத்தார். வசந்தியின் கையிலிருந்த குச்சிகளை வாங்கி, அடுப்படிக்குப் போய், எரிகிற அடுப்புக்குள் வைத்தார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அன்றும் போடவில்லை.

“எங்க அப்பன தோட்டத்துல எழவு வீட்டுக்கெல்லாம் அடிக்க கூப்புடுவானுங்க. அடிச்சு முடிச்சதும் கொட்டாங்கச்சியில டீ குடுப்பானுங்க. நான் இங்க வந்தப்பவே முடிவு பண்ணிட்டேன். என் வீட்டுல ஒருத்தரும் மேளத்த தொடக்கூடாது. இங்க நம்ம வயக்காரங்க. அவ்வளவுதான்.”

“இது எழவு மேளம் இல்லப்பா” என்றாள் வசந்தி.

“அடிக்கிற ஒனக்குத் தெரியும். கேக்குறவனுக்கு எப்படிப் புள்ள தெரியும்?”

 இன்றைக்கும் அந்தக் கேள்வியை நினைத்துப் பார்க்கிறேன். அவர் சொன்னதில் பிழை இல்லை.

மறுநாள் வசந்தி வேறு இரண்டு குச்சிகளைச் சீவினாள். தகரங்களைத் தூக்கிக்கொண்டு குளக்கட்டுக்குப் பின்னாலுள்ள பாலை மரத்தடிக்குப் போனோம்.

நான்காம் பாட்டு முடிந்த சமயம் கோயில் பாடகர் குழுவில் மேளம் அடித்தவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் படகேறிவிட்டார். மேளம் சும்மா கிடந்தது. நான் பாடகர் குழு மாஸ்ரரிடம் போனேன். வசந்தி வெளியே நின்றாள்.

மாஸ்ரர் ஆர்மோனியத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். “பெட்டைப் பிள்ளை ஒன்று கோயிலுக்குள்ள மேளம் அடிக்கிறதோ? அதுவும் சைவக்காரப் பிள்ளை. அதுவும்...”

அந்த இரண்டாவது “அதுவும்” என்ன என்று அவர் சொல்லவில்லை. வெளியே நின்றவளுக்கு அது கேட்டிருந்தது.

திரும்பி நடக்கும்போது வசந்தி கேட்டாள்: “அஞ்சாவது பாட்டுல அந்த ரெண்டு கால் அடி வருதே, அத எப்படி அடிக்கிறான்?”

இடையில் ஒரு சவர்க்காரம்

நான்காம் பாட்டோடு கசெற்றின் முதல் பக்கம் முடியும். பாட்டு ஓய்ந்ததும் சிங்களத்தில் ஒரு பெண் குழைந்து குழைந்து சவர்க்கார விளம்பரத்தில் சோப்பின் மகிமையைப் பாடுவாள். வானொலியில் பதிந்த பழைய கசெற்றின் மேல் அண்ணன் இந்தப் பாட்டுகளைப் பதிந்திருக்கிறான். அந்த நாட்களில் சவர்க்காரமும் தடைப்பட்ட பொருள். நாங்கள் பனம்பழத்தைக் கசக்கி உடுப்புத் தோய்த்தோம். உலர்ந்த பிறகு சட்டையை மாடு நக்க வரும். கைபேசியில் நான்காம் பாட்டு முடிந்ததும் என் காது அந்தப் பெண்ணுக்காகக் காத்திருந்தது. அவள் வரவில்லை. நேரே ஐந்தாம் பாட்டுக்குப் போய்விட்டது.

ஐந்தாம் பாட்டு

இதற்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. பெயர் வைக்க முன்னர் அது நடந்துவிட்டது.

ஆமி விட்டுப்போன முகாமின் ஓரத்துப் பற்றைக் காட்டுக்குள் வசந்தி விறகுக்குப் போனாள். வழமையாக இருவரும் போவோம். அன்று எனக்குக் காய்ச்சல். வெடிச் சத்தம் பெரிதாகக் கூட இருக்கவில்லை. யாரோ கதவை அடித்துச் சாத்தியது போல ஒன்று. முத்தையா மாமா வயலிலிருந்து ஓடினார். மிதிவெடி கிடக்கும் இடம் என்று ஆட்கள் கத்தக் கத்த, உள்ளே போய், அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரம் முழுக்க இரத்தம்.

உழவு இயந்திரத்தின் பின்னால் இழுபடும் பெட்டியில் வைக்கோல் பரப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

என்னைப் பார்க்க விட்ட அன்று, கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் முகம் வாடி, உதடு வெடித்துக் கிடந்தாள்.

“பெரிய மேளத்த வலது காலாலதானே மிதிக்கிறது?” என்று கேட்டாள்.

“ஓம்.”

கண்ணை மூடிக்கொண்டாள். நித்திரையாகிவிட்டாள் என்று நினைத்தேன்.

“அப்ப எடது கால பழக்கணும்” என்றாள்.

அதற்குப் பிறகுதான் நான் அழுதேன். அவள் அழவில்லை. அவள் அழுதது எல்லோரும் போன பிறகு என்று நெடுங்காலம் கழித்துச் சொன்னாள்.

ஆறாம் பாட்டு: குரல் இல்லாதது

இதில் பாட்டுக்காரன் வாயே திறக்கமாட்டான். கிற்றாரும் மேளமும்தான். ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்வது போலப் போகும்.

வசந்தி கைத்தடிகளோடு வீட்டுக்கு வந்தாள். கொஞ்ச நாள் வேப்ப மரத்தடியில் சும்மா இருந்தாள். முத்தையா மாமா அவளுக்கு எதிரே வந்து உட்காருவார்.  ஒருநாள் அவர் வயலுக்குப் போகும்போது, என் அப்பாவிடம், “அந்தப் புள்ளைக்கு எதாச்சும் செஞ்சு குடுங்க அண்ணே. சும்மா இருந்தா செத்துப் போயிரும்” என்றார். எதைச் செய்வது என்று அவர் சொல்லவில்லை.

கடலுக்குப் போக முடியாமல், கூலிக்கு வயல் வெட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்குக் கை துருதுருத்தது. தண்ணீர்ப் பீப்பாயான பிளாஸ்ரிக் பரல் ஒன்று அடியில் வெடித்துக் கிடந்தது. அதைச் சரித்து வைத்து, கயிற்றால் பலகையில் இறுக்கினார். இன்னொரு பலகையில் மிதி. உழவு இயந்திர இருக்கையின் பழைய ஸ்பிரிங் அதைத் திருப்பி எழுப்பும். அடிக்கிற தலைக்கு எது போட்டும் சரிவரவில்லை. கடைசியில் தன் வலையிலிருந்து ஒரு மிதவையை அறுத்தெடுத்துப் பொருத்தினார். இனி எப்போது கடல் காண்போம் என்று தெரியாத நேரத்தில், அந்த வலையில் கத்தி வைத்ததை அம்மா பார்த்துக்கொண்டு நின்றா.

வசந்தி இடது காலால் மிதித்தாள். தும் என்றது. நெஞ்சில் இடித்தது.

இடது கால் சொன்னபடி கேட்கவில்லை. ஒவ்வொரு பாட்டையும் முதலிலிருந்து பழகவேண்டி இருந்தது; ஐந்தாம் பாட்டின் இரண்டு கால் அடியில் பாதியைக் கைக்கு மாற்றினாள். வெட்டுப்பட்ட இடம் நொந்து காய்ச்சல் வரும். இரண்டு நாள் படுத்துவிட்டு எழும்பி வருவாள். வயலிலிருந்து வரும் முத்தையா மாமா சத்தத்தைக் கேட்டதும் வளவுக்குள் வராமல், தெரு ஒழுங்கையில் நின்று பீடி பிடித்து முடித்துவிட்டு வருவார்.  

கோயில் திருவிழா வந்தது. பூசைக்குப் பிறகு பின்னேரம் கலை நிகழ்ச்சி, இடம்பெயர்ந்து வந்தவர்களும் செய்யலாம் என்று புதிதாக வந்த பங்குச் சுவாமி அறிவித்தார். நாங்கள் பெயர் கொடுத்தோம். மாஸ்ரர் மனம் இளகி, வீடு தேடி வந்தார்.

“பாவம் பிள்ளை, நீர் ஒரு கதிரையில இருந்து பாடுமன். சனத்துக்கும் உருக்கமாய் இருக்கும்.”

“எனக்குப் பாட வராது மாஸ்டர்” என்றாள் வசந்தி. “அடிக்கத்தான் வரும்.”

ஏழாம் பாட்டு: வாறம்

எல்லாவற்றிலும் நீண்ட பாட்டு. மெதுவாகத் தொடங்கி, நடுவில் வேகம் பிடித்து, கடைசியில் மேளம் மட்டும் தனியே நின்று அடித்து முடியும். இங்கிலீசுச் சொற்கள் எங்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நான் தமிழில் எழுதினேன். பெரிய கவிதை ஒன்றுமில்லை. “கடலே கடலே கொஞ்சம் பொறு, கரையில நிக்கிறம், வாறம்.” அவ்வளவையும் திரும்பத் திரும்பப் பாடுவது; திரும்பி வருகிறோம் என்று கடலுக்குச் சொல்வது.

கோயில் முற்றத்தில் உழவு இயந்திரப் பெட்டிதான் மேடை. முன்னால் பாய்களில் சனம். பரலையும் தகரங்களையும் அப்பா ஏற்றிக் கட்டினார். நான்கைந்து பேர் வசந்தியைக் கதிரையோடு தூக்கி வைத்தார்கள். முத்தையா மாமா வரமாட்டேன் என்று சொல்லியிருந்தார். மதிலோரம் அவருடைய தலைப்பாகையைக் கண்டேன்.

தொடங்கினோம். என் கிற்றார் கரகரத்ததும் பாயில் இருந்த கிழவிகள் சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். வசந்தியின் மிதி விழுந்தது. தும். தும். பெட்டியின் தகரத் தரை அதிர்ந்தது. சனம் பேச்சை நிறுத்தியது. நான் பாடினேன். கடற்கரையை விட்டு வந்த எங்கள் ஆட்கள் “வாறம்” என்ற சொல்லை இரண்டாம் தரத்திலேயே பிடித்துக்கொண்டு கூடப் பாடத் தொடங்கிவிட்டார்கள்.

வேகம் பிடிக்கும் இடத்தில் யாரோ வானத்தைக் காட்டிக் கத்தினார்கள். “பொம்பர்.”

ஒரு கணத்தில் முற்றம் வெறுமையானது. எல்லோரும் பங்கர்களுக்கும் மரங்களுக்கும் ஓடினார்கள். நானும் பெட்டியிலிருந்து குதித்துவிட்டேன். குதித்த பிறகுதான் வசந்தி மேலே இருப்பது உறைத்தது. திரும்பினேன். அதற்குள் மதிலோரத்திலிருந்து முத்தையா மாமா பாய்ந்து வந்து ஏறி, அவளைக் கதிரையோடு இழுத்துச் சரித்து, கீழே இறக்கினார். மூன்று பேரும் பெட்டியின் அடியில் படுத்தோம். டயர் நாற்றம். அவளுடைய மூச்சு என் கழுத்தில். அவர் இருவருக்கும் மேலே கையைப் போட்டிருந்தார்.

குளத்துக்கு அப்பால், காட்டுப் பக்கம், இரண்டு குண்டு விழுந்தது. நிலம் தூக்கிப் போட்டது. பிறகு விமானச் சத்தம் தேய்ந்து தேய்ந்து கடற்பக்கம் போனது.

சனம் ஒவ்வொருவராக எழும்பி வந்தது. பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. மாஸ்ரர் மண்ணைத் தட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார்.

“போதும் பிள்ளையள். எல்லாரும் வீட்டை போங்கோ.”

வசந்தி பெட்டியின் சில்லைப் பிடித்து எழும்பி ஒற்றைக்காலில் நின்றாள். கன்னத்தில் மண். “பாதியில நின்னுருச்சு மாஸ்டர். மொதல்ல இருந்து அடிக்கணும்.”

“விசரே பிள்ளை உமக்கு? திரும்பி வந்தானெண்டால்?”

“வந்தா திரும்ப எறங்குறேன்.”

மாஸ்ரர் முத்தையா மாமாவைப் பார்த்தார். தகப்பனாவது சொல்லட்டும் என்ற பார்வை. அவர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். பிறகு மகளை இரண்டு கையாலும் தூக்கி மேலே இருத்திவிட்டு, தானும் ஏறினார். குண்டு அதிர்ச்சியில் பரலின் கயிறு அவிழ்ந்து அது ஒரு பக்கம் உருண்டு கிடந்தது. அதைத் திரும்பக் கட்ட நேரமில்லை. அவர் தகரத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பரலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார்.

“அடி” என்றார்.

முதலிலிருந்து அடித்தாள். ஒவ்வொரு மிதிக்கும் அவருடைய தோள் ஆடியது. வீட்டுக்குப் போகப் புறப்பட்டவர்கள் நின்றார்கள். நின்றவர்கள் உட்காரவில்லை, ஒரு கண் வானத்தில் வைத்துக்கொண்டே கேட்டார்கள். “வாறம்” வந்தபோது முற்றமே பாடியது. என் அப்பாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. கடைசியில் நான் நிறுத்த, மேளம் மட்டும் தனியே நின்றது. அவளுடைய இடது கால் மிதித்துக்கொண்டே இருந்தது. அடி தவறவில்லை. முழுதாக அடித்து முடித்தாள்.

அடுத்த கிழமை மாஸ்ரர் எங்கள் படலையடியில் சைக்கிளை நிறுத்தினார். உள்ளே வரவில்லை. மரத்தடியில் இருந்த வசந்தியைப் பார்க்கவும் இல்லை. வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

“ஞாயிறு பூசைக்கு வெள்ளனவே வரச் சொல்லும். கோயில் மேளம் சும்மாதானே கிடக்குது. ஆனால் அந்தப் பரலைக் கொண்டுவர வேண்டாம்.”

வசந்தி மரத்தடியிலிருந்தே பதில் சொன்னாள்.

“வர்றேன் மாஸ்டர். பரலோடதான் வருவேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை முத்தையா மாமா பரலைத் தலையில் வைத்துச் சுமந்துகொண்டு, ஊர் ஒழுங்கை வழியாக, எல்லோரும் பார்க்கக் கோயிலுக்கு நடந்தார். கைத்தடி ஊன்றியபடி வசந்தி முன்னால் போனாள்.